மாந்தமும் தாயின் பத்தியமும்

ஏலம் மணக்கும் போடி மலைச்சரிவாயினும், அதனடியில் அமைந்த பொட்டிபுரமாயினும், கைக்குழந்தைக்கு வலிப்புக் கண்டால் மூத்தோர் நாவில் எழும் சொல் 'மாந்தம்' என்பதாகும். செரியாத பால் வயிற்றில் கெட்டு மாந்தமாகி, முற்றினால் இசிவாகும் என்பது நம் பாலவாகட நூல்களின் கருத்து. ஆகவே குழந்தைக்கு உரைமருந்தும் தாய்க்குப் பத்தியமும் விதிக்கப்பட்டன.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. யுனானி மருத்துவம் இந்நோயை 'உம்முஸ் ஸிப்யான்' என்றழைத்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அர்ராஸி குழந்தை நோய்களுக்கெனத் தனிநூலே யாத்தார். 1689இல் இலண்டனில் நூல் வெளியிட்ட வால்டர் ஹாரிஸ், குழந்தை நோய்களுக்கெல்லாம் வயிற்றுப் புளிப்பே காரணம் எனக் கூறிச் சிப்பித்தூள் கொடுத்தார். தமிழ் மருத்துவத்தைத் தரங்கம்பாடியில் 1711இல் ஜெர்மானிய மொழியில் எழுதிவைத்தவர் கிரண்ட்லர் பாதிரியார். கடல்கள் பிரித்த அறிஞர் பலரும் வலிப்பின் வேரை வயிற்றிலும் பாலிலும் தேடினர்.

அவர்கள் நோக்கு கூரியது. வாந்தியும் வலிப்பும் பலகால் சேர்ந்தே வருவன. ஆனால் சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடாது. பால் கெட்டதென்று தாயின் உணவைக் குறைத்ததில்தான் பிழை நேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தீட்டிய அரிசியையே உண்ட தாய்மாரின் குழந்தைகள் வாந்தியும் மூச்சுத்திணறலும் வலிப்பும் கண்டு மாண்டனர். 1912இல் சேம்பர்லின், வெட்டர் என்னும் மருத்துவர்கள் அரிசித் தவிட்டின் சாற்றைப் புகட்ட, அத்தகைய குழந்தைகள் தேறினர். பாலில் இருந்தது நஞ்சன்று. தயமின் என்னும் சத்தின் குறைவே. இரசமும் சோறும் மட்டுமே உண்ணும் பத்தியம் இக்குறையை வளர்க்குமேயன்றித் தீர்க்காது.

ஆதலின் நாம் கூறுவது இதுவே. முன்னோரின் சுவடிகளைப் போற்றுவோம், படியெடுத்துப் பதிப்போம். அது தமிழ்த்துறையின் கடமை. ஆயின் பிள்ளைபெற்ற தாய்க்குப் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் மறுக்கும் வழக்கத்தை விடுவோம். மாந்தத்திற்குச் சூடிடும் கொடுமையை அறவே ஒழிப்போம். குழந்தைக்குக் கர்ப்பூரம் கொடுப்பதும் பூசுவதும் வேண்டா. அதுவே வலிப்பைத் தூண்டவல்லது. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலால் வரும் வலிப்புப் பெரும்பாலும் தீங்கின்றி அடங்கும். எனினும் எவ்வலிப்பாயினும் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துக; வாயில் எதனையும் இடற்க. ஐந்து நிமிடத்தில் அடங்காவிடினும், பிறந்த சில நாட்களிலேயே வலிப்புக் கண்டாலும், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைக. மலைமேல் வாழ்வோர்க்கு வழி நெடிது. ஆதலின் வீட்டுவைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிரின் விலையாகும்.

சுவடியைக் காப்பதும் சேயைக் காப்பதும் முரணல்ல. முன்னோர் சுவடி எழுதியதே சேயைக் காக்கத்தான்.