சொல்லத் தயங்கிய சொல்

மலைநாட்டில் இன்று ஐஸ் என்னும் போதைப்பொருளைக் கண்டிக்காத மேடை அரிது. அட்டன் நகரத்துக் கூட்டங்களில் நானும் பேசியிருக்கின்றேன். விடுக, விலகுக என்பதே எங்கள் உபதேசம். விடமாட்டாதவன் வீட்டில் வாழ்பவளின் கதி என்னாகும் என்று நாங்கள் எவரும் கேட்டிலோம்.

நம்மைப்போல மலைவாழ் மக்களையுடைய மணிப்பூரில் நிகழ்ந்ததை அறிந்தோர் அவ்வாறு வாளாவிருத்தல் இயலாது. 1989ஆம் ஆண்டின் இறுதியில், அங்கே ஹெரோயினை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே எயிட்ஸ் நோய்க்கிருமி காணப்பட்டது. சில மாதங்களுக்குள் அவர்களிற் பாதிப்பேரைப் பற்றிக்கொண்டது. ஊசியைப் பகிராதீர் என்று உரைத்தார்கள், நல்லதே. ஆயினும், கிருமி தொற்றிய அவ்வாடவரின் மனைவியரில் நூற்றுக்கு 45 பேர் அதனைப் பெற்றிருந்தமையை, 2000ஆம் ஆண்டில் வெளியான சுராசாந்பூர் ஆய்வொன்று காட்டிற்று. அப்பெண்களிற் பெரும்பாலோர் ஊசியைத் தொட்டும் அறியாதவர்.

இலங்கையில் ஹெரோயினைப் புகையாக இழுப்போரே மிகுதி. ஊசியில்லை, ஆதலின் அச்சமில்லை என்று எண்ணுதல் பேதைமை. ஐஸோ இச்சையை மூட்டி நிதானத்தைக் கெடுப்பது. கொழும்பில் ஓரிரவில் நேர்ந்தது லயத்துக் காம்பராவரை வந்து சேரும். கொழுந்து பறித்துக் களைத்து வந்தவள் ஆணுறை வேண்டுமென்று கேட்டால், 'என்மேல் ஐயமா?' என்று அடி விழுவதும் உண்டு. ஆகவே ஆடவனிடமே அதனைச் சொல்லுதல் வேண்டும்.

சொல்வதில் நானே பிழை செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் சிலர் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திருத்தித் தருமாறு கொணர்ந்தனர். சிங்களத்திலிருந்து பெயர்த்த தமிழ், சந்திப்பிழை மலிந்திருந்தது. பிழைகளைக் களைந்த கையோடு 'ஆணுறை' என்பதனையும் அடித்துத் 'தக்க பாதுகாப்பு' என்று எழுதினேன். இடக்கரடக்கல் என்று நன்னூல் கற்ற மனம் தேறிற்று. போதைப் பழக்கமுடைய பழைய மாணவன் ஒருவன் அத்தாளுடன் வந்து, "பாதுகாப்பு எண்டா பொலிசுக்கிட்ட இருந்தா, சேர்?" என்று வினவினான்.

மறுபதிப்பில் அச்சொல்லை மீட்டேன். போதை ஏறுமுன்னரே அது சட்டைப்பையில் இருக்கட்டும் என்றும், அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் ஆணுறையும் குருதிச் சோதனையும் இலவசம், இரகசியம் காக்கப்படும் என்றும் சேர்த்தேன். சென்ற மாதம் தோட்டத்துக் கடையொன்றின் சுவரில் அத்தாளைக் கண்டேன். அந்த ஒரு சொல்லின்மேல் மட்டும் யாரோ மை பூசியிருந்தார்கள். கடைக்காரரிடம் பேனை வாங்கி, அருகிலேயே மீண்டும் எழுதினேன்.