கூட்டாட்சியா? குடிக்கூலியா?

பல அரசுகள் ஒத்த உரிமையோடு கூடி நடத்துவதே கூட்டாட்சி. அதில் ஓர் உறுப்பின் இருப்பு, அதன் ஒப்புதலின்றி அழிக்கப்படலாகாது. விரும்பியபோது வெளியேற்றத்தக்கவன் குடிக்கூலிக்காரனே; பங்காளி ஆகான்.

இந்திய அரசியலமைப்பின் முதற்கூறு, இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கின்றது. மூன்றாம் கூறோ, எம்மாநிலத்தையும் பிரிக்கவும், அதன் எல்லையைக் குறைக்கவும், பெயரை மாற்றவும் நாடாளுமன்றத்திற்கு உரிமை வழங்குகின்றது. அதற்கு எளிய பெரும்பான்மையே போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக் கேட்கப்பெறும், ஏற்கப்பெற வேண்டுவதில்லை.

விளைவு யாது? தன் மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடச் சென்னைச் சட்டமன்றம் 1967-இல் ஒருமித்து முடிவெடுத்தது. ஆயினும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரே, 1969 சனவரி 14-இல், அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. தன் வீட்டில் தன் பெயரை எழுதவும் தில்லியின் இசைவு! 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினைச் சட்டவரைவை மறுத்தது, மாநிலமோ பிரிக்கப்பட்டது. 2019-இல் சம்மு காசுமீரச் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த நிலையில், அதன் கருத்தையும் நாடாளுமன்றமே கூறிக்கொண்டு, அம்மாநிலத்தை இரண்டு ஒன்றிய ஆட்சிப் பகுதிகளாக்கியது. கேட்டவரும் விடையிறுத்தவரும் ஒருவரே! 2023-இல் உச்ச முறைமன்றம் இலடாக்கைப் பிரித்தது செல்லும் என்றது; ஒரு மாநிலத்தை முழுமையாகவே ஒன்றியப் பகுதியாக்கலாமா என்னும் வினாவை விடையின்றி விட்டது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தது இக்கூற்றினால் அன்றோ என்பர். உண்மையே. மாநில ஒப்புதல் கட்டாயமாயின், பெரிய மாநிலம் தன்னுள் அடங்கிய சிறு மொழியினத்தைச் சிறைப்பிடிக்குமே என்றும் வினவுவர். தக்க வினாவே. அதற்கு விடை சுவிட்சர்லாந்தில் உண்டு. பெரும்பாலும் செருமன் மொழி வழங்கும் பெர்ன் மாநிலத்திலிருந்து பிரிவதுபற்றி, பிரெஞ்சு மொழி பேசும் சூரா பகுதி மக்களிடமே 1974-இல் வாக்குக் கேட்கப்பட்டது. 1978-இல் நாடு முழுதும் வாக்களித்து ஏற்றது. 1979-இல் சூரா தனி மாநிலமாயிற்று. அமெரிக்க ஒன்றிய நாடுகளிலோ, மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி அதனைப் பிரித்துப் புதுமாநிலம் அமைத்தல் இயலாது. ஆத்திரேலியாவில் எல்லையை மாற்ற, மாநில நாடாளுமன்றத்தோடு அம்மாநில வாக்காளரும் இசைதல் வேண்டும்.

ஆதலின் மூன்றாம் கூறு திருத்தப்பெறல் வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல், அல்லது பிரிய விழையும் மக்களின் நேரடி வாக்கு, இவ்விரண்டனுள் ஒன்றேனும் இன்றி எல்லைக்கோடு நகர்தல் கூடாது. பெயரோ, அம்மாநிலத்தார் சூட்டுவதே முடிந்த முடிவு. அதுவரை ஏட்டில் ஒன்றியம், நடப்பில் ஒற்றையாட்சியே!