நிலத்துக்குக் கீழே வேலி இல்லை



மாரி மழை ஓய்ந்து, தோட்டங்களில் கன்று நடும் நாள்களில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலும் புங்குடுதீவிலும் அனலைதீவிலும் மண்வெட்டிகள் வேலையில் இறங்கிவிட்டன. ஆகவே இம்முறை தோட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதிலும், தோட்டம் செய்கிற அயலவர்கள் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் நல்ல வழக்கத்தைப் பற்றி.

19ஆம் நூற்றாண்டு தோட்டக்கலைச் சங்கங்களும் பூங்காக்களும் பெருகிய காலம். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூர்க்காரர் 1800இல் கூஸ்பெரிப் பழத்துக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பழங்களை நிறுத்துப் பரிசு கொடுக்கும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. சென்னையில் 1835இல் தோட்டக்கலைச் சங்கம் எழுந்தது. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் துரை உருவாக்கிய தோட்டமே இன்றைய பழைய பூங்கா.

அயலவர் சொல்லிக்கொடுக்கும் கல்விக்கு நம் தீவகத்தில் சங்கமோ பூங்காவோ தேவைப்படவில்லை. அது நடந்த இடங்கள் இரண்டு: பங்குக் கிணற்றடியும் வேலிப் பொட்டும்.

பழைய காணி உறுதிகளைப் புரட்டிப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி என்பதோடு, இன்ன கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்றும் எழுதியிருக்கும். ஒரு கிணற்றை நாலைந்து தோட்டக்காரர் முறை வைத்து இறைத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். வீட்டில் ஆள் போதாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் கைகொடுப்பார்; அடுத்த முறைக்கு இவர் அங்கே போவார். அப்படிப் போய் நிற்கும்போதுதான் அவருடைய புகையிலைக்கு என்ன பசளை, கத்தரி இலை ஏன் சுருளவில்லை, வாழைக்குட்டி எங்கே எடுத்தது என்பதெல்லாம் கண்ணில் படும், வாயிலும் வரும்.

வேலிப் பொட்டைத் தீவகத்துப் பெண்கள் நன்றாக அறிவார்கள். பூவரசும் கிளுவையும் கதியாலாக நிற்க, ஓலையால் அடைத்த வேலியில் ஓர் ஆள் குனிந்து போகுமளவு இடைவெளி. அதற்குள்ளால் குழம்பும் போகும், விதையும் போகும். முற்றிப் பழுத்த கத்தரிக்காயைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, ஒரு துணியில் முடிந்து நீட்டும் கை கூடவே ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கும்: “பிள்ளை, இந்த மழைத்தண்ணி வடியட்டும், பிறகு போடு.” அந்தச் சொல் இல்லாவிட்டால் விதையில் பாதி பழுதாய்ப் போகும். நெடுந்தீவில் ஓலை வேலிக்குப் பதில் சாந்தில்லாமல் அடுக்கிய கடற்கல் மதில். அங்கே மதிலுக்கு மேலால் பேச்சு நடந்தது.

பசளையும் அப்படியே கூடித் தேடியதுதான். பிரித்த வேலியின் உக்கல் ஓலையைத் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். பூவரசங்குழை வெட்டிப் புதைத்தார்கள். ஆட்டுப்பட்டியை இன்று ஒரு காணியில், நாளை அடுத்ததில் என்று மாற்றி அடைத்தார்கள். கரையில் ஒதுங்கும் கடல் தாவரமான சாதாளையை அள்ளிவந்து, மழையில் உப்புப் போகவிட்டுப் பிறகு மண்ணில் சேர்த்தார்கள். எத்தனை மழை காணவேண்டும் என்பது செய்து பார்த்தவர் வாயில்தான் இருந்தது.

இந்த ஒற்றுமைக்கு நம் மண்ணே காரணம். தீவகத்தின் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி போனால் கீழிருந்து உப்பு ஏறிவரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் பாடன் கைபன் இந்தக் கணக்கை எழுதினார். நம் தோட்டக்காரர் கிணற்றின் ருசியால் அதை அறிந்திருந்தார்கள். ஒருவர் ஆசைக்கு இறைத்தால் அயலவர் கிணறும் உவராகும். மேலே எத்தனை வேலி போட்டாலும் நிலத்துக்குக் கீழே வேலி இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமைகூட, பிறர் நிலத்தில் மரம் நட்டால் விளைவை எப்படிப் பங்கிடுவது என்று விதி வைத்திருந்தது. அயலவரோடு சேர்ந்தே பயிர் செய்யவேண்டிய ஊர் இது.

பிறகு இறைக்கும் மெசின் வந்தது. உடல் நோவு குறைந்தது, பெரும் நன்மைதான். ஆனால் ஒருவரே தனியாக நின்று இறைக்கலாம் என்றானதும் கிணற்றடிப் பேச்சும் குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் போரினால் இடம்பெயர்ந்தபோது கிணறுகள் தூர்ந்தன, தோட்டங்கள் பற்றையாயின, விதை முடிச்சுகள் விட்டுவந்த வீடுகளோடு போயின. திரும்பி வந்தவர்களில் இளையவர்கள் பலருக்குக் காணி உண்டு. சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. ரொறன்ரோவில் குளிருக்குப் பயந்து கறிவேப்பிலையைச் சாடியோடு வீட்டுக்குள் தூக்கி வைக்கும் நம் உறவுகளுக்கும் அதே குறைதான்.

அதனால் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை உங்கள் தோட்டத்துக்கே ஒதுக்குகிறோம். எந்தத் தீவு, கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா, எந்த மாதத்தில் எதை நட்டீர்கள், எது பிடித்தது, எது பட்டுப்போனது என்று நாலு வரி எழுதுங்கள். எழுத முடியாத மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி அனுப்பட்டும். மிச்ச விதை இருந்தால் அதையும் எழுதுங்கள், வேண்டியவர்களிடம் சேர்த்துவிடுகிறோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தக் கோடையில் மெசினைப் போடுமுன், உங்கள் கிணற்றைச் சுற்றி உள்ளவர்களோடு ஒருமுறை இருந்து கதையுங்கள். யார் எந்த நாள் இறைப்பது என்று முறை வையுங்கள். எல்லாருடைய தண்ணீரும் ஒரே தண்ணீர். அதைக் காப்பதும் எல்லாரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

அன்புடன்,
ஆசிரியர்