சிறகும் சிந்தனையும்

மனிதன் சிறகடித்துப் பறத்தல் இயலுமா? ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரின் அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைப் பூட்டிப் பறக்க முயன்றார் என, 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ குறித்துள்ளார். இதனை மேடைதோறும் பெருமிதத்தோடு முழங்குகிறோம். ஆனால், இறங்குகையில் அவர் முதுகில் அடிபட்டதையும், பறவைக்கு வால் துணைசெய்வதை அவர் கருதாமையே அதற்குக் காரணம் என்று அவ்வாசிரியரே கூறுவதையும் விட்டுவிடுகிறோம். அறிவு பிறக்குமிடம் அதுவன்றோ!

1680இல் வெளிவந்த நூலில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி, மனிதத் தசைகளுக்குச் சிறகடித்துப் பறக்கும் வலிமை இல்லை என்று நிறுவினார். எனினும் 2010 ஆகஸ்டு 2இல், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் டாட் ரைக்கர்ட், கார் இழுத்துவிட எழும்பிய ஊர்தியில், 32 மீட்டர் நீளச் சிறகுகளைக் காலால் உந்தியே அடித்து, 19.3 வினாடிகளில் 145 மீட்டர் பறந்தார். மிதித்துச் சுழற்றும் விசிறி கொண்ட ஊர்தியிலோ, பிரையன் ஆலன் 1979இலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிட்டார்.

ஆகவே, சிறகடித்துப் பறத்தல் இயலும். ஆயின் பயன் சிறிது. பறவையின் உருவத்தைக் காட்டிலும் பறத்தலின் விதியே மனிதனுக்கு உதவிற்று. மாணவச் செல்வங்களே! முன்னோர்தம் முயற்சியைப் போற்றுங்கள். அவர்தம் வீழ்ச்சியின் காரணத்தையும் உடன் பயிலுங்கள். வெறும் பெருமைக்குச் சிறகு முளைப்பதில்லை.