முள்ளுக்கு அஞ்சிக் காற்றைத் துறப்பதா?

விடியற்காலையில் கதிரவெளிக் கரையிலே மீன் வாங்கி, பெட்டியைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டிப் புறப்படுகிறான் ஓர் ஏழை வியாபாரி. அவன் பிழைப்பைக் கெடுக்க ஒரு நெருஞ்சி முள் போதும். காற்றுப் போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் மீன் கெடும். இந்த அல்லலை அறிந்தே, காற்றில்லா ரயரை விற்க வருவோர், இனி எல்லோரும் இதற்கே மாறுவர் என்று முழங்குகின்றனர். மாறமாட்டார் என்பதே எமது துணிபு.

காற்றில்லா ரயர் புதுமையன்று. பெல்பாஸ்ற் நகரின் மிருக வைத்தியர் டன்லப் 1888இல் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெறுமுன், சைக்கிள்கள் உருண்டவை கெட்டி இறப்பரிலேதான். சில ஆண்டுகளிலேயே உலகம் அதனைக் கைவிட்டது ஏன்? காற்று குலுக்கலைத் தான் விழுங்கும். கெட்டி ரயரோ அதனை ஓட்டுபவன் முதுகுக்கும் சில்லுக் கம்பிக்கும் அனுப்பும். மிதிக்க வலுவும் கூடுதலாக வேண்டும். பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ரியூப் கிழிந்தால் ஒட்டலாம். இது தேய்ந்தால் முழுவதையுமே எறியவேண்டும்!

சீனாவிலே 2016இல் தொடங்கிய மோபைக் வாடகைச் சைக்கிள்களில் இதனைப் பூட்டினார்களே என்பர். உண்மை. அங்கே பழுதுபார்க்கும் செலவு முதலாளியுடையது. மிதிக்கும் களைப்பு வாடகைக்கு எடுத்தவனுடையது. கதிரவெளியிலோ செலவும் களைப்பும் ஒருவனுக்கே! அவன் எதற்காக இந்தப் பேரத்துக்கு இணங்கவேண்டும்?

நாம் விஞ்ஞானத்தை வெறுப்பவரல்லர். எமது கேள்வி வேறு. 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்று ஊன்றிய நாடு இது. 1952இல் சீனத்துக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற்ற நாடு இது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான கெட்டி ரயர்களை உலகெங்கும் அனுப்புவதிலே முன்னணியில் நிற்பதும் இதே நாடு. அந்நிய நாட்டுப் பண்டசாலைக்குப் பயன்படும் இந்த அறிவு, உள்ளூர் உழவனின் 28 அங்குலச் சில்லுக்கு ஏன் பயன்படலாகாது?

2022இல் பெற்றோல் அற்றபோது உத்தியோகத்தரும் சைக்கிளை நாடினர். வரிசைகள் மறைந்தன, சைக்கிளும் மறக்கப்பட்டது. மறவாதவன் ஏழை மட்டுமே.

ஆகவே ஆலையதிபர்களே, காற்றில்லா ரயரைக் கொழும்புத் தார்வீதியிலே ஓட்டிப் பார்த்து மகிழாதீர்கள். நெல்மூடையேற்றி, எங்கள் மணலிலும் முள்ளிலும் ஓட்டிக் காட்டுங்கள். அது வென்றால் நாமே முதலில் வாங்குவோம். அதுவரை நல்ல ரியூப்பை நியாய விலையில் தாருங்கள். முள்ளைப் பிடுங்கி ஒட்டுப்போட எமக்குத் தெரியும்.