சந்தா முடிந்த பின் என் கோப்பு யாருடையது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். 2023 நவம்பரில் உங்கள் ஆணையம் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்தி) வழிகாட்டு நெறிகளில், தடுக்க வேண்டிய 13 உத்திகளுள் ஒன்றாகச் சந்தாப் பொறியும் இடம்பெற்றது. எளிதாகச் சேர்த்துக்கொண்டு, விலக வழிவிடாமல் இழுத்தடிப்பதை அந்த நெறிகள் தடுக்கின்றன. மனமார வரவேற்கிறேன். ஆனால் மென்பொருள் விஷயத்தில் பெரிய சிக்கல் விலகிய பிறகுதான் தொடங்குகிறது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதை ஒருமுறை வாங்கிய அச்சகம், கணினி தாங்கும்வரை ஓட்டியது. இன்றும் அது ஓடும் டிடிபி கடைகள் உண்டு. 2013 மே மாதம் அடோபி நிறுவனம், இனி போட்டோஷாப், பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் ஆகியவற்றின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தது. 2016இல் வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்கும் நிரந்தர உரிம விற்பனை நின்றது. சந்தாவால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெருந்தொகையை மொத்தமாகப் புரட்ட முடியாத இளைஞர் ஒரு மாதக் கட்டணத்தில் தொழிலைத் தொடங்க முடிகிறது. புதிய வசதிகளும் உடனுக்குடன் வருகின்றன.

ஆனால் என் கோப்புகள்? ஒரு நாவலின் இன்டிசைன் கோப்பில் எழுத்து மட்டுமா இருக்கிறது? வரி உடைப்பு, அடிக்குறிப்பு, தலைப்பு அமைப்பு என்று பல வார உழைப்பு இருக்கிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் இப்போது குறைந்த படிகளே அச்சிடுகின்றன. மறுபதிப்புக்கு ஆண்டுகள் ஆகலாம். அன்றைக்கு ஆசிரியர் நான்கு பிழைகளைக் குறித்துத் தருவார். சந்தா கட்டவில்லையென்றால் நான் செய்த பக்கத்தை நானே திறந்து திருத்த முடியாது. கையில் இருக்கும் பிடிஎஃப் அச்சடிக்க உதவும். பத்தியைத் திருத்தி ஓட்ட உதவாது. வேறு வடிவத்துக்கு மாற்றிவைக்கலாம் என்றால், அதையும் சந்தா உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். வார இதழுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் வீட்டில் இருக்கும் பழைய இதழ்களை யாரும் பூட்டிவைப்பதில்லை. இங்கே பூட்டப்படுவதோ வாங்கியவரே உருவாக்கிய படைப்பு.

கோப்புகளைப் பூட்டாமல் விடத் தொழில்நுட்பம் தடையல்ல. அதே அடோபியின் புகைப்பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி போன்ற சில மட்டுமே மூடப்படும். 2015இல் நிரலாளர்களுக்கான கருவிகளைச் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் சந்தாவுக்கு மாறியபோது நிரலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு, தொடர்ந்து 12 மாதம் கட்டியவர் அந்தச் சந்தா தொடங்கியபோதிருந்த பதிப்பை எப்போதும் வைத்துக்கொள்ளலாம் என்று அது இறங்கிவந்தது. கேட்டதால்தான் கிடைத்தது.

விலையைக் காட்டும் விதத்திலும் உங்கள் கவனம் தேவை. மாதக் கட்டணத்தைப் பெரிதாகப் போட்டு, அது ஓராண்டு ஒப்பந்தம் என்பதையும் இடையில் விலகினால் அபராதம் என்பதையும் தெளிவாகச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில், 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில், தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதே உறுதி விலையைக் காட்டுவதிலும் வேண்டும்.

தொழிலுக்கு வாங்குபவர் நுகர்வோரா என்று நிறுவனங்கள் வாதிடக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது.

ஆகவே, சந்தா நின்ற பிறகும் பயனர் தன் கோப்புகளைத் திறக்கவும், அச்சிடவும், பிற மென்பொருள்கள் படிக்கும் வடிவில் வெளியே எடுக்கவும் வழி இருக்க வேண்டும் என்று நெறிகளில் சேருங்கள். மாதக் கட்டணம் காட்டப்படும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், ஆண்டு மொத்தமும் விலகல் கட்டணமும் இருக்கட்டும். ஓராண்டு முழுதும் கட்டியவருக்கு ஒரு பதிப்பாவது சொந்தமாகட்டும். இந்த மூன்றையும் அடுத்த திருத்தத்திலேயே கொண்டுவருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பக்க வடிவமைப்பாளர்