பிரட்டுக்களத்து அதட்டல் வகுப்பறைக்கு எதற்கு?

"அடியாத மாடு படியாது." இந்தப் பழமொழியைக் கேட்காமல் லயத்தில் வளர்ந்தவர் யாரும் இல்லை. மாட்டுக்குச் சொன்னதை நம் பாட்டன் பாட்டிமாருக்குப் பொருத்தி வேலை வாங்கினார்கள் அன்றைய துரைமாரும் கங்காணிமாரும். அதை எதிர்த்துத்தான் தோட்டங்களில் சங்கம் வளர்ந்தது. ஆனால் அதே பழமொழியை இன்று நம் பிள்ளைகளுக்கு நாமே பொருத்திக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

அண்மையில் மேலதிகக் கிலோக் கொடுப்பனவு குறித்து முறையிட வந்த ஒரு சகோதரி, பேச்சுவாக்கில் தன் மகனைப் பற்றியும் சொன்னார். மூன்றாம் தரத்தில் படிக்கும் பிள்ளை. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்று வலி. மருந்தெடுத்தும் தீரவில்லை. கடைசியில்தான் காரணம் தெரிந்தது: வீட்டுப்பாடம் செய்யாத நாளெல்லாம் உள்ளங்கையில் பிரம்படி. ஏன் செய்யவில்லை? தாய் மலையிலிருந்து வீடு சேர இருட்டிவிடும். அதுவரை பிள்ளைக்காம்பராவிலிருந்து தங்கச்சியைக் கூட்டி வந்து பார்த்துக்கொள்வது அந்த எட்டு வயதுப் பையன். "நம்ம சங்கம் போய்ப் பேசினா சேர் கோவிச்சுக்குவாரா?" என்றுதான் அந்தச் சகோதரி கேட்டார். துரையிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்கும் பெண், பாடசாலை வாசலில் பயந்து நிற்கிறார்.

அஞ்சத் தேவையில்லை, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றுநிருபத்தில் அறிவுறுத்தியது. 2016இல் வந்த 12/2016 இலக்கச் சுற்றுநிருபமும் அதையே வலியுறுத்தியது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடை செய்யும் உறுப்புரை அது. சுற்றுநிருபம் அதிபரின் அலுமாரியில் இருக்கிறது, பிரம்பு மேசை மேல் இருக்கிறது. இதுதான் பல இடங்களில் நாம் காணும் நிலை.

"அடிக்காமல் நாற்பது பிள்ளைகளை எப்படி அடக்குவது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதற்குப் பதிலும் உண்டு. 1968இல் அமெரிக்காவில் மெட்சன், பெக்கர், தோமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆரம்ப வகுப்புகளில் குழப்பம் செய்யும் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விதிகளை எழுதி ஒட்டி நினைவூட்டியபோது பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. சின்னக் குறும்புகளைக் கண்டும் காணாமல் விட்டு, ஒழுங்காக நடக்கும் நேரத்தைக் கவனித்து ஆசிரியர் பாராட்டத் தொடங்கிய பிறகே குழப்பம் குறைந்தது. ஒரு வகுப்பில் ஆசிரியை பழைய முறைக்குத் திரும்பியதும் குழப்பமும் திரும்பியது. மீண்டும் பாராட்டத் தொடங்கியதும் தணிந்தது.

காரணம் எளிது. எழுந்து ஓடும் பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் நாள் முழுக்கக் கத்துகிறார். அமைதியாக எழுதும் பிள்ளையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அப்படியானால் ஆசிரியரின் கவனம் வேண்டும் என்றால் குழப்பம் செய்ய வேண்டும் என்றல்லவா பிள்ளை கற்றுக்கொள்ளும்? பிரம்பு, ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் அடங்கி இருக்கக் கற்றுத்தரும். அவர் முதுகைத் திருப்பினால் பழையபடிதான். கங்காணியின் தலை மறைந்ததும் மலையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

பாராட்டு என்றால் "கெட்டிக்காரன்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதல்ல. "இன்றைக்கு மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டாய்", "தம்பி தன் பென்சிலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தான்" என்று நடந்த காரியத்தைப் பெயர் சொல்லி, நடந்த உடனேயே சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் இருக்கையில் இருக்க முடியாத பிள்ளை ஆறாவது நிமிடமும் இருந்தால் அதுவும் பாராட்டுக்குரியதே. இதற்குக் காசு செலவில்லை. கொப்பியில் ஒரு நட்சத்திரம், அணியின் முன்னால் நிற்கும் பொறுப்பு, பாட்டுப் பாட ஐந்து நிமிடம் போதும்.

"இது லஞ்சம் கொடுத்துப் பழக்குவதல்லவா?" என்பாரும் உண்டு. அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசையோடு படம் வரைந்த மழலைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு அவர்கள் தாமாக வரையும் ஆர்வம் குறைந்துவிட்டது. எனவே பேரம் பேசி பிள்ளையை நடத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வகுப்பறைக்கும் கிலோக் கணக்கு வேண்டாம். பரிசளிப்பு விழாவில் ஆண்டுதோறும் அதே மூன்று பிள்ளைகள் மேடையேறுவதையும் நாங்கள் ஊக்குவிப்பு என்று சொல்லவில்லை. நேற்றை விட இன்று ஓர் அடி முன்னேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நல்ல வார்த்தை கிடைக்க வேண்டும். பழக்கம் வேரூன்றியதும் நட்சத்திரத்தை மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களை நாங்கள் எதிரிகளாகப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் நம் லயத்துப் பிள்ளைகளே. ஆசிரிய உதவியாளர்களை 6,000 ரூபா மாதக் கொடுப்பனவுக்கு வேலை வாங்கிய அரசு இது. பயிற்சியும் தராமல், இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைத்து ஒருவர் தலையில் கட்டினால், அவர் கை பிரம்பைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் அரசின் குறைக்கு அடி வாங்குவது பிள்ளையின் உள்ளங்கையாக இருக்கக் கூடாது.

நம் வீட்டையும் பார்ப்போம். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க சேர்" என்று பிள்ளையைக் கையளிப்பது யார்? நாம்தான். நாள் முழுக்க மலையில் ஏச்சு வாங்கிவிட்டு, அந்த ஏச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளை மேல் இறக்குவதும் நாம்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவதைத் தண்டனை என்று எதிர்க்கும் நாம், வீட்டுப்பாடம் குறைந்த பிள்ளைக்குப் பிரம்படியை நியாயம் என்று சொல்ல முடியாது.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, சுற்றுநிருபம் ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் கண்ணில் படும்படி தமிழில் ஒட்டப்பட வேண்டும். இரண்டு, பிரம்பில்லாமல் வகுப்பை நடத்தும் செய்முறைப் பயிற்சியை வலயக் கல்விப் பணிமனை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு அளிக்க வேண்டும். மூன்று, ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். நான்கு, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பி இதைப் பேச வேண்டும்.

அடிக்குப் பயந்து பாடசாலையை விட்டு ஓடும் பிள்ளை எங்கே போகும்? கொழும்பில் ஒரு கடைக்கோ, யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்கோதான். அங்கே சம்பளம் கேட்கவும் பயப்படும். ஏனென்றால் பயப்படுவதைத்தான் நாம் முதலில் கற்றுக்கொடுத்தோம். தலை நிமிர்ந்து கேள்வி கேட்கும் தொழிலாளி வேண்டுமானால், முதலாம் தரத்தில் தலை நிமிர்ந்து கை உயர்த்தும் பிள்ளை வேண்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் பிரம்பைப் பற்றிக் கேளுங்கள். சங்கம் உங்களோடு வரும்.